நான்காம் அட்டையில் ஒரு டிக்

அந்த மருத்துவமனையில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவள் ‘அலாரம்’. பெரிய டாக்டர் முதல் லிஃப்ட்காரர் வரை யார் “அலாரத்தைக் கூப்பிடு” என்று சொன்னாலும் இவளைத்தான் தேடிப் போவார்கள். அதற்காக ஒரு நாளும் அவள் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ளவும் கொஞ்சம் தைரியம் வேண்டுமே.

தரைத்தளத்தில், மாடிப்படிக்குப் பின்புறம், ஜன்னல் இல்லாத சின்ன அறை அவளுடையது. வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். மருத்துவமனையின் நானூறு தொலைபேசிகளையும் கட்டி மேய்க்கும் சர்வர் அங்கேதான் இரைந்துகொண்டிருந்தது. எந்த லைன் துண்டானாலும், எந்த லைன் உயிர் பெற்றாலும், யார் எதை நிறுத்திவைத்தாலும் அது லாக் என்ற தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளும். வெறும் வரியோடு விடக்கூடாத விஷயம் என்றால் திரையில் அலாரம் வரும். மஞ்சள் வந்தால் பார்த்துக்கொள்ளலாம், ஆரஞ்சு வந்தால் சீக்கிரம் பார், சிவப்பு வந்தால் ஓடு. ஒவ்வொன்றையும் பார்த்து, ‘பார்த்துவிட்டேன்’ என்று சொடுக்கி, தானே சரிசெய்வதோ ஆளை விரட்டிச் சரிசெய்ய வைப்பதோ அவள் வேலை.

பயம் அவளுக்குக் கூடவே பிறந்தது. கேஸை மூடினோமா, குழாயை அடைத்தோமா, மகள் பஸ் ஏறினாளா என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பாள். நேர்காணலுக்குப் போனபோது, அப்போதிருந்த மூத்த இன்ஜினியர் சர்வரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால் பூட்டை எத்தனை தடவை இழுத்துப் பார்ப்பீர்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறார். மூன்று தடவை, சில நாள் பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பிப் போய் நான்காவது தடவை என்று இவள் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். நாளைக்கே வந்து சேருங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் ஆளைத் தப்பாக எடை போடவில்லை. பதினோரு வருஷம் ஒரு சிவப்பு அலாரம்கூட அவள் கண்ணில் மண்ணைத் தூவியதில்லை.

வீட்டில் இந்தப் பயம்தான் எல்லாருக்கும் பொழுதுபோக்கு. கணவருக்கு மரக்கடை, எதற்கும் அசையாத மனுஷன். “உங்கம்மா இருக்கும்போது நாய் எதுக்கு?” என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பார். மகளும் சேர்ந்து சிரிப்பாள். அலாரமும் சிரித்துவிடுவாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது சிரிக்கிற விஷயமில்லை. துவைக்கும்போது மகளின் பள்ளிச் சட்டைக் கையில் காய்ந்த ரத்தக்கறையைப் பார்த்துவிட்டாள். விசாரித்தால், சைக்கிளிலிருந்து விழுந்து ஒரு வாரம் ஆகிறதாம். முழங்கையில் நான்கு தையல். அப்பாதான் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டு வந்திருக்கிறார். ஒரு வாரமாகப் பெண் வீட்டுக்குள்ளேயே முழுக்கைச் சட்டையோடு நடமாடியிருக்கிறாள்.

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ பயந்துடுவேம்மா. எனக்கு வலிய விட அதுதான் கஷ்டமா இருக்கும்.”

பெற்ற தாயிடம் அடிபட்டதைச் சொல்ல முடியாத அளவுக்கா தன் பயம் வீட்டை ஆட்டிப் படைக்கிறது என்று நினைக்க நினைக்க அலாரத்துக்குக் கேவலமாக இருந்தது. நாளையிலிருந்து தொட்டதற்கெல்லாம் பதறுவதில்லை என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டாள். நல்ல சத்தியம்தான். ஆனால் அதை நிறைவேற்ற அவள் தேர்ந்தெடுத்த இடம் சமையலறை இல்லை, சர்வர் அறை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் திரையில் ஒரு மஞ்சள் அலாரம் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. கேன்டீனுக்குப் போகும் லைன். எங்கோ கம்பி தளர்ந்துபோய் நிமிஷத்துக்கு ஒரு முறை அறுந்து, தானே ஒட்டிக்கொண்டிருந்தது. அறுந்தால் லாக்கில் ஒரு வரி, ஒட்டினால் ஒரு வரி, கூடவே டிங் என்று ஒரு சத்தம். ஒரு வாரமாக இதே கூத்து. வயர்மேன் வருகிறேன், வருகிறேன் என்று சொல்லியே காலத்தை ஓட்டினார். ஒவ்வொரு டிங்குக்கும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போதும் என்று தோன்றியது. அலாரத்தின் வாயை மூட அந்தச் சர்வரில் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு லைனுக்கும் எதிரே ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதில் டிக் அடித்துவிட்டால் அந்த லைனுக்கு அலாரம் வராது. லாக்கில் மட்டும் வரி விழுந்துகொண்டே இருக்கும். பதினோரு வருஷத்தில் அவள் அந்தக் கட்டத்தைத் தொட்டதே இல்லை. அன்று தொட்டாள். மணி பத்து பத்து. சத்தம் பட்டென்று நின்றது. அறை அவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இதற்கா இத்தனை நாள் செத்துப் பிழைத்தோம் என்று நினைத்து, ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு டீ குடித்தாள்.

அதே திங்கட்கிழமை பன்னிரண்டு மணி சுமாருக்கு மூன்றாம் மாடி வார்டில் ஒரு நோயாளிக்கு மூச்சு நின்றது. பணி ஓய்வு பெற்ற தபால்காரர். நர்ஸ் அவசர எண்ணைச் சுற்றினாள். அந்த எண் போய் அடிக்கும் இடம் முதல் மாடியில் இருக்கும் டெலிபோன் போர்டு. அதை எடுத்து, நொடியில் டாக்டர் குழுவை அனுப்ப வேண்டியவள் போர்டு அக்கா. மூன்று முறை சுற்றியும் யாரும் எடுக்கவில்லை. நர்ஸ் படியில் விழுந்தடித்து இறங்கி ஆளைக் கூட்டி வருவதற்குள் பதினோரு நிமிஷம் போய்விட்டது. தபால்காரர் பிழைத்தார், ஆனால் பேச்சு வரவில்லை.

ஆஸ்பத்திரியே கொந்தளித்தது. லைனைச் சோதித்தார்கள், நன்றாக வேலை செய்தது. அன்று பகல் ஏதாவது அலாரம் வந்ததா என்று நிர்வாக அதிகாரி கேட்டனுப்பினார். அலாரம் தன் திரையைப் பார்த்தாள், பட்டியல் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. லாக்கைத் திறந்து பார்த்திருக்கலாம். ஆனால் கேன்டீன் லைன் கக்கிய குப்பை வரிகள் அதில் ஆயிரக்கணக்கில் கிடந்தன; அலாரமே இல்லாதபோது லாக்கை யார் கிளறுவார்கள்? ‘அலாரம் எதுவும் வரவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். லைன் சரி, சர்வர் சரி. அப்படியானால் தப்பு போர்டு அக்காவிடம்தான் இருக்க வேண்டும் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். வியாழக்கிழமை பதினொன்றரைக்கு விசாரணை. இருபத்தாறு வருஷ வேலை அன்றோடு போய்விடும் என்று காரிடாரில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு வயர்மேன் போன் செய்தார். இன்று சாயங்காலம் சத்தியமாக வந்துவிடுகிறேன், கேன்டீன் லைன் எந்த எண் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அலாரம் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். நான்காம் அட்டை, பதினான்காவது லைன் என்று அவள் வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் நிலைகுத்திவிட்டது. பதினான்காவது லைனுக்கு எதிரே டிக் இல்லை. டிக் எல்லாவற்றுக்கும் மேலே, நான்காம் அட்டை என்ற தலைப்புக்கு எதிரே இருந்தது.

சர்வருக்குள் செருகியிருக்கும் ஒவ்வோர் அட்டையிலும் பதினாறு லைன்கள். தலைப்பில் டிக் அடித்தால் பதினாறுக்கும் வாய் அடைத்துவிடும். நான்காம் அட்டையின் மூன்றாவது லைன் எங்கே போகிறது என்று அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். அவசர எண், போர்டு அக்காவின் மேசைக்கு.

எதிர்முனையில் வயர்மேன் ஹலோ, ஹலோ என்றுகொண்டிருந்தார். அவள் போனை வைத்துவிட்டாள். முதலில் டிக்கை எடுத்தாள். இரண்டு தரம் தவறி மூன்றாம் தரம்தான் பட்டது. உடனே டிங் என்று கேன்டீன் அலாரம் கத்தத் தொடங்கியது. பிறகு லாக்கைத் திறந்து, மூன்றாவது லைனின் வரிகளை மட்டும் தேடினாள். இரண்டே வரிகள். திங்கட்கிழமை பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு லைன் செத்திருக்கிறது. பன்னிரண்டு முப்பத்து மூன்றுக்குத் தானாகவே உயிர் பெற்றிருக்கிறது. அந்தச் சர்வருக்கு ஒரு பாழாய்ப்போன பழக்கம் உண்டு. எதிர்முனை செத்துக் கிடந்தாலும், கூப்பிடுகிறவர் காதில் மணி போவது போலவே சத்தம் காட்டும். நர்ஸ் கேட்டது அதைத்தான். போர்டு அக்காவின் மேசையில் எதுவும் அடித்திருக்காது.

சிவப்பு அலாரம் வந்திருக்க வேண்டிய விஷயம். வந்திருந்தால் பதினொன்று ஐம்பத்து மூன்றுக்கே அவள் போர்டை நோக்கி ஓடியிருப்பாள். தபால்காரருக்கு மூச்சு நிற்பதற்குள் மாற்று லைன் போட்டிருப்பாள்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. அந்த லாக்கில் பத்தாயிரம் வரிகளுக்குத்தான் இடம். புது வரி ஒன்று மேலே விழுந்தால், ஆகப் பழைய வரி கீழே உதிர்ந்துவிடும், திரும்பக் கிடைக்காது. கேன்டீன் லைன் அடிக்கிற கூத்தில், மற்ற லைன்களின் வரிகளும் சேர்ந்தால், பத்தாயிரம் வரி என்பது சரியாக மூன்று நாள். கடைசி வரியைப் பார்த்தாள். திங்கட்கிழமை, ஒன்பது ஐம்பத்தொன்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அதிலும் ஒன்பது ஐம்பத்தொன்று.

ஆக இன்னும் இருபது நிமிஷத்தில் அவள் டிக் அடித்த வரி உதிரும். அதில் அவள் பெயர் இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில், பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு, லைன் செத்த வரியும் உதிரும்; உயிர் பெற்ற வரியும் பின்னாலேயே போகும். அதன்பிறகு அப்படி ஒன்று நடந்தது என்பதற்கே உலகத்தில் சாட்சி இல்லை. அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். பொய் சொல்ல வேண்டாம், எதையும் அழிக்க வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். கேன்டீன் லைனே எல்லாவற்றையும் தள்ளிவிட்டுவிடும். லாக்கைச் சேமித்துவைக்க ஒரே ஒரு பொத்தான்தான். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

கணவருக்குப் போன் செய்தாள். குரலை அடக்கி, நடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் சிரிப்பார், அட இவ்வளவுதானா, போய்ச் சொல்லிவிட்டு வா என்பார் என்று எங்கோ ஒரு மூலையில் நம்பியிருந்தாள். எதிர்முனையில் வெகு நேரம் மரம் அறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“யாருக்காவது தெரியுமா?”

“இல்ல.”

“அப்ப விட்டுடு. போலீஸ் கேஸ்னு ஆயிட்டா... நீ வாயே தெறக்காத. கேக்குதா? தெறக்காத.”

அவர் குரல் நடுங்கியது. பத்தொன்பது வருஷத்தில் அந்த மனுஷன் பயந்து அவள் பார்த்ததில்லை. தன் பயமாவது பழகின பயம், இது புதிது. அவரே பயப்படுகிறார் என்றால் விஷயம் அவள் நினைத்ததைவிடப் பெரிது.

பத்து பத்துக்கு அந்த வரி திரையின் அடியில் நின்றது. அவள் பெயர், தேதி, நேரம், நான்காம் அட்டை, அலாரம் நிறுத்தம். டிங் என்றது, கேன்டீன் லைன் இன்னொரு தரம் அறுந்திருந்தது. அவள் பெயர் இருந்த இடத்தில் வேறு வரி இருந்தது. அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான். கண்ணை மூடிப் பெருமூச்சுகூட விட்டாள்.

அந்த அப்பாடா கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. உட்கார முடியாமல் எழுந்து முதல் மாடிக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. போர்டு அக்கா காரிடார் பெஞ்சில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். நெருங்கினால் ஒட்டிக்கொள்ளுமோ என்பதுபோல் எல்லாரும் ஒதுங்கி நடந்தார்கள். அலாரத்தைப் பார்த்ததும் அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். தண்டனையைப் பற்றியோ வேலையைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை.

“நேத்து காது டாக்டர்கிட்ட போய்ட்டு வந்தேன். நல்லாத்தான் கேக்குதுன்னு சொல்றாரு. அப்புறம் எப்படி எனக்குக் கேக்காம போச்சு? மூணு தடவ அடிச்சிருக்கு. நான் அங்கயேதான் உக்காந்திருந்தேன்.”

அலாரம் அவள் மடியிலிருந்த கைப்பையையே பார்த்தாள்.

“ராத்திரியெல்லாம் வீட்டு போன தலமாட்டுலயே வெச்சிக்கிட்டு, பொண்ண அடுத்த ரூம்லருந்து அடிக்கச் சொல்றேன், கேக்குதான்னு பாக்க. பாவம், அவளும் தூங்கல. போதும்னு ஆயிடுச்சும்மா. கேக்கல, என் தப்புதான்னு எழுதிட்டேன். அந்தப் பெரியவர் பேச்சு போனதுக்கு யாராவது ஒருத்தர் பதில் சொல்லணுமில்ல.”

கைப்பையின் வாயிலிருந்து மடித்த காகிதம் எட்டிப் பார்த்தது. அலாரம் எழுந்து, தலையை ஆட்டிவிட்டு, ஓடாத குறையாகக் கீழே வந்தாள்.

அறைக்குள் வந்தும் பொத்தானை அமுக்கிவிடவில்லை. இந்த இடத்தில் அவள் சட்டென்று மனம் மாறிவிட்டாள் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. நடந்தது அப்படியில்லை. நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, சின்னப் பெண்ணைப் போல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு நிமிஷத்துக்கு இரண்டு வரி, இரண்டு வரி என்று திங்கட்கிழமை அவள் கண்ணெதிரே உதிர்ந்துகொண்டிருந்தது. போலீஸ் ஜீப்பை நினைத்தாள். பள்ளிக்கூட வாசலில் மகளைப் பார்த்து மற்ற பிள்ளைகள் கிசுகிசுப்பதை நினைத்தாள். தபால்காரரின் மனைவி தன் வீட்டு வாசலில் வந்து நிற்பதை நினைத்தாள். எதை நினைத்தாலும் பயம். பதினொன்றரை ஆனது. மேலே விசாரணை தொடங்கியிருக்கும். பதினொன்று முப்பத்தைந்து. பதினொன்று நாற்பது.

பக்கத்து மேசைத் தொலைபேசி அடித்தது. யாரோ தப்பான எண். அவள் எடுத்து, வைத்துவிட்டாள். மணியின் சத்தம் மட்டும் காதில் நின்றது. பக்கத்து அறையிலிருந்து மகளை அடிக்கச் சொல்லி, தலைமாட்டில் காதைத் தீட்டிக்கொண்டு இருட்டில் படுத்திருக்கும் ஒருத்தி கண்முன் வந்தாள். இன்றைக்கு விட்டால் அந்தப் பெண்பிள்ளை சாகிறவரை தன் காதை நம்ப மாட்டாள். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று இந்தக் கட்டிடத்தில் யாருக்காவது தெரியுமென்றால் அது அலாரத்துக்குத்தான் தெரியும். பூட்டிய பூட்டை நம்பாமல் திரும்பி ஓடுகிறவளாயிற்றே.

பதினொன்று நாற்பத்தாறுக்குப் பொத்தானை அமுக்கினாள். சர்வர் சாவகாசமாக எண்ண ஆரம்பித்தது. பத்து சதவீதம். பன்னிரண்டு. டிங். பதினைந்து. பாழாய்ப்போன மிஷினே, சீக்கிரம், சீக்கிரம் என்று திரையைப் பார்த்து வாய்விட்டுக் கெஞ்சினாள். பத்து நிமிஷத்துக்கு முன் இதே வரிகள் தொலைய வேண்டும் என்று காத்திருந்தவள், இப்போது அவை தொலைந்துவிடுமோ என்று நகத்தைக் கடித்தாள். பதினொன்று ஐம்பதுக்கு நூறு ஆனது. தேடினாள். இரண்டு வரிகளும் இருந்தன. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு படியேறினாள். லிஃப்டுக்குக் காத்திருக்க அவளுக்குப் பயமாக இருந்தது, நின்றால் திரும்பிவிடுவாள்.

நிர்வாக அதிகாரியின் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். போர்டு அக்கா மடித்த காகிதத்தைக் கையில் எடுத்துவிட்டிருந்தாள். அலாரம் கதவைத் தட்டாமல் உள்ளே போய், அச்செடுத்த தாளை மேசையில் வைத்து, இரண்டு வரிகளையும் விரலால் காட்டினாள். அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் விடாக்கண்டர்.

“லைன் செத்திருக்கு. சரி. அப்ப அலாரம் வரலன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?”

அந்தத் தாளில் அவள் பெயர் இல்லை. மிஷின் கோளாறு, அலாரம் வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் நம்பிவிடுவார். போர்டு அக்கா தப்பிப்பாள், இவளும் தப்பிப்பாள். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“வரல சார். வராம பண்ணது நான்தான். கேன்டீன் லைனுக்குப் போட வேண்டிய டிக்க மொத்த அட்டைக்கும் போட்டுட்டேன்.”

“அது எங்க இருக்கு இதுல?”

“அந்த வரி போயிடுச்சு சார். காலைல பத்து பத்துக்குப் போச்சு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். போக விட்டுட்டேன்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இதையெல்லாம் எழுதித் தர வேண்டியிருக்கும் என்றார். அவள் தலையாட்டினாள். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போலீஸ் வரவில்லை, ஆனால் தினமும் வாசலில் ஜீப் சத்தம் கேட்கிறதா என்று ஆறு மாதம் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். சர்வர் அறையிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். இப்போது புறநோயாளிகள் பிரிவில் டோக்கன் கொடுக்கிறாள். தபால்காரர் இரண்டு மாதம் கழித்து வீட்டுக்குப் போனார். பேச்சு பாதிதான் திரும்பியது. மாதம் ஒரு முறை பரிசோதனைக்கு வருவார். அவருக்கு டோக்கன் கொடுக்கும்போது இவளால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை. அவருக்கு எல்லாம் தெரியுமா என்று கேட்கவும் தைரியம் இல்லை. மகள் இப்போதெல்லாம் அடிபட்டால் வந்து சொல்லிவிடுகிறாள். அம்மா முன்போலவே பதறுகிறாள், ஆனால் யாரும் சிரிப்பதில்லை.

அந்த வியாழக்கிழமை, அதிகாரியின் அறையில் ஒன்று மிச்சம் இருக்கிறது. எழுதி முடித்துப் பேனாவை வைத்தபோதுதான் அலாரம் போர்டு அக்காவின் பக்கம் திரும்பினாள். திட்டுவாள், அறைவாள், எதுவானாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். போர்டு அக்காவின் உதடு மட்டும் அசைந்தது.

“அப்ப அது அடிக்கவே இல்லியா?”

“அடிக்கல அக்கா.”

“ஒரு தடவகூட?”

“ஒரு தடவகூட அடிக்கல.”

போர்டு அக்கா கையிலிருந்த காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தன் காதுகளைத் தொட்டுப் பார்த்தாள்.